ரசம் பட்ட சங்கிலி

கோயமுத்தூர்
5-9-96

பெருந்துறையில் மளிகைக்கடை வைத்து நாலு பேர் மெச்ச வாழும் மச்சான் காளிச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை ராசம்மாளின் வீட்டுக்காரன் லட்சுமணசாமி வணக்கம் சொல்லி எழுதுவது. தாங்களும் காளியாத்தாள் அக்காவும் குழந்தைகளும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்படி எழுத வழியில்லை. போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும் என்றுதான் கடிதம். தனியாக உட்கார்ந்து படித்துவிட்டுக் கிழித்துப் போடவும்.

நம் பெண் கோமளாவின் நிச்சயத்தன்று சம்பந்தியம்மா தன் கையாலேயே அவள் கழுத்தில் போட்டார்களே, கண்ணிக்குக் கண்ணி கோதுமை மணி மாதிரி இருக்குமே, அந்தக் கோதுமைச் சங்கிலி, அது வெள்ளையாகிவிட்டது. வெள்ளை என்றால் ஏதோ அழுக்கு, மங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக் கொலுசு மாதிரி வெள்ளை. வரும் புதன்கிழமை அந்தம்மா வால்பாறையிலிருந்து இறங்கி வருகிறார்கள். கோமளாவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்குக் கூட்டிப்போய், அந்தச் சங்கிலியைக் காட்டி, அதே மாதிரி கண்ணி வைத்துத் தாலிக்கொடிக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார்களாம். வந்ததும் முதலில் பார்க்கப்போவது அவள் கழுத்தைத்தான். "எங்க பவுனை வித்துப்போட்டு வெள்ளியை மாட்டி உட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? ஐப்பசியில் வைத்திருக்கும் கல்யாணம் என்ன ஆகும்?

நடந்தது இதுதான். போன வாரம் கோமளாவுக்குக் காய்ச்சல். டாக்டர் தர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். கொஞ்சம் அடிக்கடி பார்த்தேன் என்று ராசம்மாள் சொல்லுவாள், அதை நம்ப வேண்டாம். மறுபடி பார்க்க ரசத்தைக் கீழே இறக்க வேண்டுமல்லவா, டாக்டர் உதறுகிற மாதிரியே நானும் உதறினேன், பீரோ கைப்பிடி குறுக்கே வந்துவிட்டது, அந்த பீரோவை அங்கே யார் வைத்தார்களோ தெரியாது, தர்மாமீட்டர் டப்பென்று உடைந்து உள்ளே இருந்த பாதரசம் கீழே இருந்த தட்டிலும் தரையிலும் சிந்தியது. வேர்க்கிறது என்று கோமளா கழற்றி வைத்த சங்கிலி அந்தத் தட்டில்தான் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஒரு விரலளவு வெளுத்திருந்தது.

"அய்யோ சாமி, என்னுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" என்று அலறிக்கொண்டு ராசம்மாள் பக்கத்து வீட்டுக்கு ஓடி, அவர்கள் போனில் உங்களைத்தான் கூப்பிட்டாள். அவளுக்கு எதற்கும் அண்ணன் யோசனைதான். "அண்ணா, கோமளா சங்கிலியில ரசம் கொட்டிப்போச்சுங்கண்ணா!" என்று அவள் போட்ட சத்தம் போனே இல்லாமல் பெருந்துறைக்குக் கேட்டிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பூசுவதையும் நாம் ரசம் என்றுதானே சொல்கிறோம், அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். நீங்களோ, "ரசந்தானே அம்மணி, அதுக்கா இந்தக் கத்துக் கத்தறே? பூந்திக்கொட்டைத் தண்ணியைக் கொதிக்க வெச்சு அதுல போட்டு, பழைய பிரஷ்ல சங்கிலி பூராவும் தேச்சுப்போடு. கண்ணிக்குள்ள சீரகம் கீரகம் சிக்கியிருக்கும், ஊசியில நோண்டி எடுத்துரு" என்றீர்களாம். சீரகம் என்றபோதாவது எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். லைன் சரியில்லை, என்னமோ காதில் விழுகிறது என்று அவள் போனை வைத்துவிட்டாள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால், புளி ரசமா தக்காளி ரசமா என்றாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மச்சான்?

நானே உட்கார்ந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளை வளர்ந்தது. விட்டுவிடு என்று புத்தி சொன்னது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும் என்று கை சொன்னது. விரலளவு இருந்தது சாணளவு ஆகி, கடைசியில் சங்கிலி முழுக்கப் பரவிவிட்டது. இதுவும் கூடவே பளிச்சென்று ஆகட்டும் என்று ராசம்மாள் அதே சட்டியில் போட்ட வளையல் ஜோடியும் வெள்ளை. நீங்கள் சீராகக் கொடுத்த வளையல்தான், மன்னிக்கவும்.

நகை செய்யும் பத்தரிடம் ஓடினேன். "இது தேச்சாப் போற அழுக்கில்லீங்க, ரசம் பவுனுக்குள்ள எறங்கிப்போச்சு. பட்டறையில வெச்சுத்தான் எடுக்கோணும். ஊட்டு அடுப்புல மட்டும் காட்டிப்போடாதீங்க, பொகை வெசம். பத்து நாளாவது ஆகுமுங்க" என்றார். பட்டறையில் விட்டுவிட்டுப் புதன்கிழமை வெறுங்கழுத்தைக் காட்டுவதா என்று பயந்து, சங்கிலியை மடியில் முடிந்துகொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் பொட்டுத் தங்கம்கூடத் தரையில் படக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். சிந்தின ரசத்தை அட்டையால் அள்ளப் போனால் ஒரு உருண்டை இரண்டாகிக் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. ராசம்மாளின் தாலிக்கொடியைப் பாலிதீன் கவரில் சுற்றி நூல் கட்டிவிட்டேன், அவள் நடந்தாலே சரசரவென்று சத்தம். "ஏனுங்க, நான் என்ன மளிகைச் சாமானுங்களா?" என்கிறாள். கோமளா ஒருத்திதான் சிரிக்கிறாள். "அப்பா, வால்பாறை அத்தைகிட்ட உள்ளதைச் சொல்லிப்போடலாமுங்க" என்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று நினைக்கிறேன், தர்மாமீட்டர் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மச்சான், விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை. கோமளாவுக்கு அந்தப் பையனை மனசுக்குப் பிடித்திருக்கிறது. நிச்சயம் ஆனதிலிருந்து துணி மடிக்கும்போதுகூட ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டுதான் மடிக்கிறாள். என் கைராசியால் அது கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. அக்கா போட்டிருக்கும் கோதுமைச் சங்கிலி அசப்பில் இதே மாதிரி. அதைப் பழைய மல் துணியில் சுற்றித் தனி டப்பாவில் வைத்து, நம்பிக்கையான ஆள் மூலம் செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பி எங்கள் மானத்தைக் காப்பாற்றவும். அக்கா காரணம் கேட்டால் மாடல் பார்க்கக் கேட்டார்கள் என்று சொல்லி வைக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுப் பொன்னும் பொருளும் நிறம் மாறாமல் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட
லட்சுமணசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சம்பந்தியம்மா வந்துவிட்டார்கள். புதன்கிழமை நாள் நன்றாக இல்லையாம். அடுக்களையில் ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன். "சங்கிலி எங்க கண்ணு?" என்று கேட்டதும் கோமளா கொண்டுவந்து கையிலேயே கொடுத்துவிட்டாள். அந்தம்மா ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் பீரோவைப் பிடித்துக்கொண்டேன். "அட, வெள்ளைத் தங்கமுங்களா! எஸ்டேட் மேனேஜர் சம்சாரம் பம்பாயிலிருந்து வாங்கிட்டு வந்து என்ன பீத்து பீத்துனாங்க! நாங்க போட்ட மஞ்சச் சங்கிலியை இப்படி மாத்தி வெச்சிருக்கறீங்களே!" என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாம் எங்க பெருந்துறை அண்ணன் சொன்ன பக்குவமுங்க" என்று ராசம்மாள் சொல்லிவிட்டாள். இப்போது அந்தம்மா தன் வளையல், அட்டிகை, கம்மல் எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டு, "அந்த அண்ணனையே வரச்சொல்லி இதுகளையும் வெள்ளையாக்கிக் குடுங்க, அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கறேன்" என்று காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அக்காவின் சங்கிலி வேண்டாம். தாங்களே உடனே புறப்பட்டு வரவும். வரும்போது மருந்துக்கடையில் நாலைந்து தர்மாமீட்டர் வாங்கி வரவும்.