ஐந்து மணி வரைக்கும் ஒரு ஜெபம்

குடும்பத் தலைவர் யார் என்ற விஷயத்தில் தமிழ்நாடு நெடுங்காலமாக ஒரு பிழையான கருத்தைச் சுமந்து வருகிறது. மீசை வைத்திருப்பவர்தான் தலைவர் என்கிறார்கள் சிலர். சம்பாதித்துப் போடுகிறவர் என்கிறார்கள் வேறு சிலர். சந்தேகத்துக்கு ரேஷன் கார்டைப் புரட்டியவர்கள், அதில் மனைவியின் படம் இருப்பதைக் கண்டு விவாதத்தை நிறுத்திக்கொள்கிறார்கள். எல்லாமே தவறு. ஒரு வீட்டில் யாருடைய செல்போனுக்கு ஓ.டி.பி. வருகிறதோ, அவரே குடும்பத் தலைவர். மற்றவர்கள் உறுப்பினர்கள்.

இந்த உண்மையைக் கண்டறிந்தவர் ஏசுதாசன். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வீடு பக்கத்தில் பழனிசெட்டிபட்டி. அவருடைய ஒரே மகள் ஜாய்ஸ் நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது, கம்ப்யூட்டர் ஒரு செல்போன் எண்ணைக் கேட்டது. "என் நம்பரைப் போடு" என்றார் ஏசுதாசன். அந்த நிமிடத்தில் அவர் முடிசூட்டிக்கொண்டார்.

எந்தக் கல்லூரி வேண்டும் என்பதை வரிசையாகப் பதிய வேண்டும். முதலில் பதிந்த கல்லூரி கிடைத்தால் இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் நாள் ஜாய்ஸின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கில் இருக்கும் கல்லூரியை முதலிலும், சென்னையில் அவள் ஆசைப்பட்ட பெரிய கல்லூரியை இரண்டாவதாகவும் ஏசுதாசனே வைக்கச் சொன்னார். ஜாய்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். பெண்களின் மௌனத்தை இப்படி மொழிபெயர்ப்பது ஆண்களிடையே மிகப் பரவலான நோய். மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு இன்னும் தனித்துறை ஏற்படவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மனைவி சுகிர்தம் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, பிள்ளை மெட்ராஸ்ல படிக்கணும்னு கிடையா கிடக்கு."

"இங்கன இருக்கிற காலேஜுக்கு என்ன குறைச்சல்? மனுச உடம்பு அங்கன ஒரு மாதிரி, இங்கன ஒரு மாதிரியா இருக்கு?"

"அங்கன பெரிய ஆஸ்பத்திரி. எல்லா வியாதியும் பாத்துப் படிக்கலாமாம்."

"இங்கனயுந்தான் எல்லா வியாதியும் இருக்கு. என்னையவே எடுத்துக்க. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, முட்டிவலி இருக்கு."

"உங்க ஒருத்தரையே பாத்து முடிச்சா டாக்டர் பட்டம் குடுத்துருவாகளா?"

"மெட்ராஸ் தண்ணி உப்பு."

"உங்க அக்கா மகன் வினோத்ராஜ் கல்யாணம் ஆனதுல இருந்து அங்கனதான் இருக்காரு. கரைஞ்சா போயிட்டாரு?"

"பொம்பளைப் பிள்ளை, தனியா..."

"ஹாஸ்டல்ல முந்நூறு பிள்ளைக இருக்கும். தனியா இருக்கிறது இனி நீங்கதான்."

ஏசுதாசன் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். அவள் கடைசியாகச் சொன்னதுதான் உண்மை. இரவில் கடை சாத்தும்போது ஷட்டரின் ஒரு பக்கத்தை அவர் இழுப்பார், மறுபக்கத்தை ஜாய்ஸ் இழுப்பாள். எட்டாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். இதைக் காரணமாக வெளியே சொல்ல முடியாது. சொன்னால் ஷட்டருக்கு மோட்டார் வாங்கி மாட்டிவிடுவாள் சுகிர்தம்.

வரிசையை மாற்றுவதற்குக் கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை அவகாசம் இருந்தது. மாற்றிப் பூட்டுவதற்கு ஓ.டி.பி. தேவை. மாற்றாவிட்டால், ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் பழைய வரிசையையே தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆகவே ஏசுதாசன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே செய்யாமல் இருப்பது மட்டும்தான். தமிழ்நாட்டுக் கணவர்களில் பெரும்பாலோருக்கு இயல்பாகவே கைவந்த கலை அது.

கடைசி நாள் காலையில் செல்போனைச் சட்டைப் பையில் போட்டு, பைக்குப் பொத்தானும் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். பக்கத்துக் கடை ஷரீப் பெட்டி, பை வியாபாரம் செய்கிறவர். சொந்த ஊர் உத்தமபாளையம். அவரிடம் திட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தந்திரம் என்பது பாராட்ட ஓர் ஆள் இருந்தால்தானே முழுமை பெறும்.

"பாய், இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் வீட்டுப் பக்கமே போகப் போறதில்ல. போன் வந்தா வியாபாரத்துல இருக்கேன்பேன். நம்பர் கேட்டா வரலைம்பேன். சர்வர் கோளாறு."

"பிள்ளை வருத்தப்படாதாண்ணே?"

"நாலு நாளைக்குப் படும். அஞ்சாவது நாள் கோட்டு மாட்டிக்கிட்டு டவுன் பஸ்ல காலேஜுக்குப் போயிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும்."

"மதினிக்கு இது தெரியுமா?"

"துளிகூடத் தெரியாது."

"அப்பச் சரிண்ணே" என்று சொல்லிவிட்டு ஷரீப் ஒரு பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் குரலில் நம்பிக்கை கம்மியாக இருந்ததை ஏசுதாசன் கவனிக்கவில்லை.

ஜாய்ஸ் பலமுறை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. நான்கு மணிக்கு மேல் சுகிர்தம் அழைத்தாள். எடுத்தார். எடுக்காமல் இருந்தால் நேரிலேயே வந்துவிடுவாள்.

"ஏங்க, நீங்க வச்ச வரிசையே இருந்துட்டுப் போகுது. நான் ஒண்ணும் கேக்கலை."

பாரம் இறக்கிய தராசுத் தட்டு போல ஏசுதாசனின் மனம் சட்டென்று உயர்ந்தது.

"பிள்ளைதான் ஒரே அழுகை. அதான் ஒரு ஜெபம் பண்ணி, ஆண்டவர் கையில விட்டுருவோம்னு எதுத்த வீட்டு ஜான்சி அக்காவையும் தெருவுல நாலு பேரையும் கூப்பிட்டுட்டேன். நம்ம சபை உபதேசியார் கடமலைக்குண்டு போயிட்டாராம். உங்களை விட்டா உருக்கமா ஜெபம் பண்ண இந்த ஊர்ல ஆள் யாரு இருக்கா?"

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக ஏசுதாசன் வைகை ஆற்றை வெள்ளத்திலும் நீந்திக் கடப்பார். காரணம் உண்டு. சபையிலேயே நீண்ட ஜெபம் அவருடையது. அவரை எழுந்து ஜெபிக்கச் சொன்னால், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்த பெண்களுக்கு முகம் வெளுத்துவிடும். மேலும் அவர் ஜெபத்துக்கென்று இரண்டு சட்டங்களை விதித்திருந்தார். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டவரோடு பேசக் கூடாது. எல்லோரும் மேசையில் வைத்துவிட வேண்டும். இரண்டாவது, ஆமென் சொல்லும் வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. ஒரு திருமண வீட்டில் கண்ணைத் திறந்த மாப்பிள்ளையையே அவர் கண்டித்திருக்கிறார். மாப்பிள்ளை கண்ணைத் திறந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வண்டியைக் கிளப்பும்போது அவருக்கு இன்னொரு யோசனையும் உதித்தது. வழக்கமான ஜெபமே அரைமணி நேரம் ஓடும். கொஞ்சம் மனம் வைத்தால் ஐந்து மணியைத் தாண்டிவிடலாம். கடையில் ஒளிந்திருப்பதைவிட இது எவ்வளவோ கௌரவம். மனைவி விரித்த பாயிலேயே படுத்து, அவள் வீட்டுக் கடிகாரத்தை வைத்தே அவளை ஜெயிப்பது! சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பக்தியாக வீட்டுக்குள் நுழைந்தார்.

முன்னறையில் பாய் விரித்திருந்தது. ஜான்சியும் நான்கைந்து பெண்களும் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குட்டை மேசை. அதன் மேல் வேதப்புத்தகம். பக்கத்தில் ஜாய்ஸின் லேப்டாப், திறந்தபடி. ஜாய்ஸ் அதன் முன்னால் கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"இது எதுக்கு இங்கன?"

"பரீட்சைக்குப் போறப்ப ஹால் டிக்கெட்டை வேதத்து மேல வச்சு ஜெபிச்சோம்ல. இதையும் வச்சு ஜெபிச்சா பிள்ளைக்கு ஆசீர்வாதமா இருக்கும்ல" என்றாள் சுகிர்தம்.

நியாயமாகத்தான் பட்டது. பெண்கள் எல்லோரும் செல்போன்களை மேசையில் வைத்தார்கள். வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். சட்டம் போட்டவரே அவர்தான். ஏசுதாசன் பொத்தானைக் கழற்றி, தன் போனையும் எடுத்து வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடினார்.

"எங்கள் பரமபிதாவே! இந்த மாலை வேளையை எங்களுக்குத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்" என்றது கூட்டம்.

நிதானமாகத் தொடங்கினார். பழனிசெட்டிபட்டிக்காக ஜெபித்தார். தேனி பஜார் வியாபாரிகளுக்காக, போடி ஏலக்காயின் விலைக்காக, சின்னமனூர் வாழைக்காக, கம்பம் திராட்சைக்காக. பெரியாற்று அணைக்கு வந்தபோது, தண்ணீரை மேற்கே நிற்பவர்களுக்கும் கிழக்கே நிற்பவர்களுக்கும் மனத்தாங்கல் இல்லாமல் நிரப்பும்படி விண்ணப்பித்தார். குமுளியில் எல்லையைத் தாண்டி, கேரளத்துக்குள் இறங்கும் நேரம்.

*டிங்.*

அந்தச் சத்தம் ஏசுதாசனுக்குத் தெரியும். அது அவருடைய போன்.

"கேரள... கேரள தேசத்தையும் ஆசீர்வதியும்" என்றார்.

*டக். டக்.* விசைப்பலகை.

விஷயம் முழுவதும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பூட்டிய போனின் முகத்தில் அந்த எண் இப்போது பளிச்சென்று நின்றுகொண்டிருக்கும். கண்ணைத் திறக்க முடியாது. இத்தனை பெண்கள் முன்னால் பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்தால், அவர் போட்ட சட்டமும், அவரிடம் திட்டு வாங்கிய மாப்பிள்ளையும் ஒருசேர எழுந்து வருவார்கள். ஜெபத்திலேயே செய்தியைச் சொல்லிப் பார்த்தார்.

"ஆண்டவரே! தங்களுக்கு அடாத பொருளின்மேல் நீளுகிற கைகளை இப்போதே கட்டிப்போடும்!"

"ஆமென்!" என்றாள் சுகிர்தம், எல்லோரையும்விடச் சத்தமாக.

*டக். டக். டக்.*

இடது கண்ணை நூல் அளவுக்குத் திறந்தார். எதிரே ஜான்சி இரண்டு கண்களையும் அகலத் திறந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடிக்கொண்டார்.

இனி ஒரே வழி, முடித்துவிடுவது. அவருடைய வாழ்க்கையில் முதன்முறையாக ஏசுதாசன் ஒரு ஜெபத்தைச் சுருக்க முயன்றார். "உம்முடைய சித்தம் ஒன்றே ஆகக்கடவது, எங்கள் ஜெபத்தைக் கேளும்..."

"ஏங்க, பெரியகுளத்து அத்தைக்குப் பித்தப்பைக் கல்லு" என்றாள் சுகிர்தம் மெல்லிய குரலில்.

விட முடியாது. அத்தை அவருடைய அத்தை. "பெரியகுளத்தில் வியாதிப் படுக்கையில் இருக்கிற..." என்று பித்தப்பையை முடித்தார். "எங்கள் ஜெபத்தைக் கேளும் நல்ல..."

"எங்க கொழுந்தனாருக்கு மூலம் ரொம்பத் தொந்தரவா இருக்காம்ணே" என்றாள் ஜான்சி.

மூலத்துக்காகவும் ஜெபித்தார். ஒரு பெண் ஆட்டுக்குட்டியைச் சேர்க்கச் சொன்னாள். இன்னொருத்தி, வராத பென்ஷனைச் சேர்க்கச் சொன்னாள். நோய்களும் கால்நடைகளும் அலுவலகங்களும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு துன்பம் பழனிசெட்டிபட்டியில் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரியும். ஒரு கட்டத்தில் டக் டக் நின்றுபோனது. பிறகு லேப்டாப் மூடும் சின்னச் சத்தம்.

"இனி ஒண்ணும் இல்லங்க, முடிச்சிரலாம்" என்றாள் சுகிர்தம்.

"ஆமென்."

கண்ணைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஐந்து ஆகவில்லை. போன் வைத்த இடத்திலேயே, வைத்த கோணத்திலேயே இருந்தது.

"ஜெபத்துக்கு நடுவுல யாரோ டைப் அடிச்ச மாதிரி கேட்டுச்சே" என்றார்.

"நீங்க கண்ணைத் திறந்து பாத்தீகளா?"

"அதெப்படி? நான் திறக்க மாட்டேனே."

"அப்ப விடுங்க" என்றாள் சுகிர்தம்.

"பூட்டியாச்சா?" என்று ஜாய்ஸைப் பார்த்துக் கேட்டார். குரல் எதிர்பார்த்த அளவுக்கு அதட்டலாக வரவில்லை.

"பூட்டியாச்சுப்பா. இனி மாத்த முடியாதாம்." அவள் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. "ரொம்ப நல்ல ஜெபம்ப்பா."

ஏசுதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட உருக்கம் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

கடையைத் திறந்துபோட்டு வந்திருந்ததால் திரும்பப் போனார். வாசலில் ஷரீப் நின்றிருந்தார்.

"என்னண்ணே, மெட்ராஸா?"

"உமக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைண்ணே. மதினி காலையிலயே வந்து இருக்கிறதுலயே பெரிய பெட்டியா ஒண்ணு எடுத்துட்டுப் போயிட்டாக. நீங்க என்கிட்டத் திட்டத்தைச் சொல்றதுக்கு ரொம்ப முந்தி."

"அப்பவே ஏன்யா சொல்லலை?"

"நீங்க சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்தீக. எப்படிண்ணே குறுக்க பேசுறது?"

சென்னையில் ஜாய்ஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஏசுதாசனின் ஜெபம் முடிவதற்குள்ளேயே காரியம் நடந்துவிட்டதாக ஜான்சி அந்த வட்டாரம் முழுவதும் சாட்சி சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அடுத்த சனிக்கிழமை மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு வேன் வந்து வீட்டு வாசலில் நின்றது. அடுத்த வருடம் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளும், அவர்களுடைய தாய்மார்களும் இறங்கினார்கள். எல்லோருக்கும் சென்னைதான் வேண்டுமாம்.