கூரைப்புடவை நிறத்தில் ஒரு பொய்ப்பூச்சி

பெண் கேட்கப் போகிறவன் பழத்தட்டோடுதான் போக வேண்டும். மீன் பிடிக்கப் போகவே கூடாது. பட்டுச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏனாத்தூர் கல்லூரியில் என்னோடு படித்த கவிதாவின் அப்பா கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புழுவுக்குப் பதிலாக, கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிப்பது அவருடைய பைத்தியம். நான் கல்யாணப் பேச்சை எடுத்ததும், "ஞாயித்துக்கெழம கழிமுகத்துக்கு வாங்க தம்பி. மீன் பிடிச்சுக்கினே பேசலாம். பூச்சி நீங்களே கட்டிக்கினு வாங்க" என்றார். (நேர்முகத்தேர்வு!)

பாடமும் போனிலேயே நடத்தினார். "நல்ல தண்ணின்னா சின்னதா, பழுப்பா, நெஜப் பூச்சியாட்டம். கலங்கலா இருந்தா கறுப்பு. கடல் தண்ணி ஏறுச்சுன்னா வெள்ளை, குட்டி மீனாட்டம் லேசா மினுக்கணும். அவ்ளோதான்."

எல்லாம் புரிந்தது. ஆனால் நான் பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரன். பெண் கேட்கப் போகும் காரியத்துக்குக் கறுப்பு நூலா? வெள்ளையா? கை வருமா? அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் வால், கிளிப்பச்சைத் தலை, சுற்றிலும் ஜரிகை என்று ஒரு டப்பா நிறையக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்தில் டப்பாவைத் திறந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"தம்பி, இது மீனுக்கா, மீனோட கல்யாணத்துக்கா?"

"அய்யோ, எவ்ளோ அழகா இருக்குது! காதுல மாட்டிக்கலாம் போல இருக்குதுபா!" என்றார் கவிதாவின் அம்மா. வருங்கால மாப்பிள்ளை வருகிறான் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் கரையில் எலுமிச்சை சாதத்தோடும் கவிதாவோடும் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய வெள்ளைப் பூச்சிக்கு ஒரு கொடுவா மாட்டியது. என்னுடையதை ஒரு மடவை மட்டும் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, தப்பான மண்டபத்துக்கு வந்துவிட்டதுபோல் மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருடைய தூண்டில் கோலையே கேட்டு வாங்கி, தோளுக்குப் பின்னால் ஓங்கி வீசினேன். கயிறு முன்னால் வரவில்லை.

"அய்யோ, என் பொடவை!"

கொக்கி அம்மாவின் முந்தானையில் ஏறியிருந்தது. அவர் கல்யாணத்துக்குக் கட்டிய கூரைப்புடவையாம் அது! கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். என் கல்யாணம் அங்கேயே முடிந்துபோயிற்று என்று நினைத்தேன்.

"நாலு இழைதானே, வெட்டிடலாம்" என்று அப்பா கத்திரியோடு வந்தார்.

"கத்திரி வெக்காதீங்க சார்!" என்று அலறி, கோலைக் கீழே போட்டுப் பாய்ந்தேன். காலடியில் படக்கென்று ஒரு சத்தம். (ஆமாம், கோல்தான். கப்பலில் வேலை பார்த்த நாளிலிருந்து பிள்ளைபோல் வைத்திருந்த கோல்.)

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அம்மா முந்தானையை மடியில் விரித்துப் பிடித்துக்கொள்ள, குறட்டால் கொக்கியின் முள்ளை அமுக்கி, இழையை நகத்தால் ஒதுக்கி ஒதுக்கி மெல்ல உருவினேன். ஓர் இழைகூட அறவில்லை. ஓட்டை தெரிந்த இடத்தை நகத்தால் நீவிவிட்டதும் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒன்றுசேர்ந்துகொண்டது.

அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். எந்த இடம் என்றே தெரியவில்லை.

"என்னாங்க, முகூர்த்தத்துக்கு நாள் பாருங்க."

"என் கோலு ரெண்டா கெடக்குதுடி!"

"அது கடையில விக்குது. பொடவைக்குப் பதறுற மாப்பிள்ளை விக்குதா?"

கவிதா சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது.

கல்யாணமாகி, மாமாவும் நானும் இப்போது சேர்ந்தே மீன் பிடிக்கப் போகிறோம். கறுப்பும் வெள்ளையும் நானே கட்டுகிறேன், கொடுவாவும் மாட்டுகிறது. ஆனாலும் நான் தூண்டிலைக் கையில் எடுத்தால் போதும், "மாப்பிள்ளை வீசப் போறாரு, எல்லாரும் நைட்டிக்கு மாறிக்கோங்கமா!" என்று மாமா வீடு முழுக்கக் குரல் கொடுப்பார். அத்தை மட்டும் மாற மாட்டார். பட்டுப்புடவையோடு கரையில் எனக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வார்.