பூவரசன் வைத்த டெஸ்ட்

மடியில் ஷூவின் மேல்தோல். கையில் ரப்பர் துண்டு. ஓரத்தில் காய்ந்து நின்ற சொல்யூஷன் பசையைப் பாரதி பரபரவென்று தேய்த்தாள். கம்பெனி வீட்டுக்கு அனுப்பும் வேலை. பசை ஒரு பொட்டு இருந்தாலும் மூட்டை திரும்பி வந்துவிடும்.

"பாத்தியா! கம்ப்யூட்டர் மெமரி போச்சு!" புருஷன் பூவரசன் கூவினான். பென்டிரைவ் சொருகி டெஸ்ட் ஓட விட்டிருந்தான். திரையெல்லாம் மிளகாய் காயப்போட்ட மாதிரி சிவப்பு. "ஞாயித்துக்கிழமை சென்னைக்குப் போய்ப் புதுசு வாங்கணும். தோஸ்துங்களும் வர்றாங்க."

"அன்னிக்கு வாலாஜாவுல தங்கச்சிக்கு வளைகாப்புங்க. ரெட்டைப் பிள்ளைங்களைத் தூக்கிட்டு நான் எப்படி வேலூர்ல எறங்கி பஸ் மாறுவேன்?"

"நான் இன்னா பண்றது? மெமரிதான் பேஜார் பண்ணுது."

கொத்தமல்லி கேட்டு வந்த பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் விடவில்லை. "ஒரு தபா பாத்தா போதுமா தம்பி? நாள் பூரா ஓடட்டும்."

"ஓடட்டும்க்கா! சாயங்காலம் சிவப்பு இல்லாம இருந்தா ரெண்டு பிள்ளையையும் நானே பாத்துக்கறேன். இவ ராணி மாதிரி போவட்டும்!" மார்தட்டிவிட்டு ஷூ கம்பெனி டியூட்டிக்குப் போய்விட்டான்.

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? பாரதிக்கு அதுதான் உறுத்தியது. ஸ்விட்சை அணைத்து, மூடி கழற்றியே கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கைவிட்டாள். மெமரிப் பட்டையை மெல்ல உருவினாள். அடியில் வரிசையாகத் தங்கப் பல் மாதிரி மின்னும் தகடுகள். ஒரு ஓரத்தில் மட்டும் மஞ்சளாய் ஒரு பொட்டு. மோந்து பார்த்தாள். பசை ஒட்டும் செக்‌ஷனிலிருந்து பூவரசன் தினமும் சட்டையில் கொண்டுவரும் அதே வாடை!

ரப்பர் துண்டால் நாலே இழுப்பு. பல் பளபளத்தது. பட்டையை டக்கென்று அழுத்தி ஸ்விட்சைப் போட்டாள். டெஸ்ட் தானாகவே முதலிலிருந்து ஓடியது.

சாயங்காலம் பூவரசன் விசிலடித்துக்கொண்டே வந்தான். திரையில் பச்சையாய் 'பாஸ்'. எதிரே நாற்காலி போட்டுப் பேகம் அக்கா.

"அதெப்படி? நான்தான் காலையிலேயே..."

"காலையிலேயே இன்னா தம்பி?"

"காலையிலேயே... சாமி கும்பிட்டேன்க்கா."

பாரதியை ஓரமாக இழுத்தான். "உள்ள எதையாச்சும் தொட்டியா?"

"எனக்கு அதெல்லாம் இன்னாங்க தெரியும்? சொல்யூஷன் ஒட்டியிருந்தா தேய்ச்சு எடுப்பேன், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. போன் அடித்தது.

"பாரதி! ஒண்ணு தூங்குனா இன்னொண்ணு எந்திரிக்குது! என்னால முடியல!"

"ஒரு மணி நேரம்கூட ஆவல. நாள் பூரா ஓடட்டுங்க. நான் வந்து சிவப்பா பச்சையான்னு..."

"வேலூர் எறங்கு! எறங்கு!" என்று கூவினார் கண்டக்டர்.