கேஸ் நானா பிடித்து வைத்த காற்று

“மேற்படி நபர் என் கடை ஐஸ் பெட்டியில் இருந்த கேஸை ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார். திருப்பிக் கேட்டால், ‘அதை வெளியே விட ஏலாது’ என்கிறார். கேஸ் என்னுடையது. ஆவன செய்க.”

மாத்தளை நகரில் கூல்பார் நடத்தும் செல்லையா முதலாளி வர்த்தகர் சங்கத்துக்கு எழுதிய கடிதம் இது. சங்கத்தின் கிளாக்கர் என்பதால் பிரதி என்னிடம் இருக்கிறது. திகதி போடவில்லை. ஒருவரைக் கள்ளன் என்று எழுதுகிறவர், என்றைக்குக் கள்ளன் என்றாவது எழுத வேண்டாமா?

‘புஸ்’ என்ற சத்தத்தின் மீது தனி ஆளாகப் போர் தொடுத்தவர் இந்த உலகத்தில் எங்கள் கேஸ் நானா ஒருவர்தான். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; அவருடைய உண்மைப் பெயரை அவருடைய மனைவியே யோசித்துத்தான் சொல்வார்.

பிரிஜ் திருத்துகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பழைய கேஸைக் காற்றில் விட்டுவிடுவார்கள். ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும். வீட்டுக்காரருக்கும் வேலை தொடங்கிவிட்டது என்ற திருப்தி வரும். நானாவும் பல வருடம் அப்படித்தான் விட்டார். பிறகு கண்டியில் நடந்த பயிற்சி ஒன்றுக்குப் போனார். திரும்பி வந்தவர் வேறு மனிதர்.

சூரிய வெப்பம் பூமியில் பட்டுத் திரும்பும்போது, சில வாயுக்கள் அதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அவற்றில் பேர்போனது கரியமில வாயு. பிரிஜ்ஜுக்குள் ஓடும் வாயுக்களில் பல, எடைக்கு எடை அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடிப்பவை. இதை நான் புத்தகங்களில் சரிபார்த்திருக்கிறேன். நானா இதற்குச் சொல்லும் விளக்கம் வேறு.

“மழக்கோட்ட போட்டுக்கிட்டு நடு வெயில்ல நின்டு பாருங்க, கிளாக்கரய்யா. பூமிக்கி இப்ப அதுதான் நடக்குது. பொத்தான் போடுறது நாங்க.”

செத்துப்போன பிரிஜ் ஒன்றின் கம்பிரசரைத் தேயிலைப் பெட்டிக்குள் பொருத்தி, கேஸை உறிஞ்ச அவரே ஒரு இயந்திரம் செய்தார். அது ஓடும்போது பக்கத்துச் சலூன்காரர் சவரத்தை நிறுத்திவிடுவார். அவ்வளவு அதிர்வு. முன்பு ஒரு நொடியில் ‘புஸ்’ என்று முடிந்த வேலை, இப்போது ஒரு சாப்பாட்டு நேரம் பிடித்தது.

சட்டைப் பையில் எப்போதும் சவர பிரஷ் ஒன்று இருக்கும். குழாயில் சவுக்கார நுரை பூசினால், கேஸ் கசியும் இடத்தில் குமிழி குமிழியாக முட்டை விடும். யட்டவத்தையில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போனவரைக் காணவில்லை. தேடினால், குசினியில் பிரிஜ்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, அதன் பின்பக்கத்துக்கு நுரை பூசிக்கொண்டிருந்தார்.

“வட்டிலப்பம் உள்ளுக்குத்தான் ஈக்கிது, நானா. பின்னால இல்ல!” என்றார் மாப்பிள்ளையின் மாமா.

“வட்டிலப்பம் எங்கயும் போகாது. கேஸ்தான் போய்க்கிட்டு ஈக்கிது” என்றார் நானா. நுரை அப்போதுதான் முட்டை விட்டது.

இப்படிப்பட்டவரைத்தான் செல்லையா முதலாளி கள்ளன் என்றார். உறிஞ்சிய கேஸை நானா களவாக விற்கிறார் என்று கடைக்குக் கடை பேச்சு. சங்கம் நம்பினால், நகரத்தில் ஒரு கடையும் அவரைக் கூப்பிடாது. சங்கத் தலைவர் முன்னிலையில் விசாரணை நடந்தது.

“விக்கலன்னா அந்தக் கேஸ் எங்க?” என்று கேட்டார் முதலாளி.

“சிலிண்டர்ல. கொழும்புல ஒப்படைக்க ஒரு எடம் ஈக்கிதாம். நெறஞ்சதும் கொண்டு போவேன்.”

“எப்ப நெறையும்?”

“உங்க பெட்டியோட நெறஞ்சிட்டு, மொதலாளி.”

மறுநாளே நானா சிலிண்டருக்குத் தான் உடுத்தும் சாரம் ஒன்றைச் சுற்றி, நோயாளியைத் தாங்குவதுபோல் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தார். கண்டக்டர் சாரத்தை விலக்கிப் பார்த்தார்.

“இதெல்லாம் ஏத்த ஏலாது, நானா. வெடிச்சா?”

“டிக்கட் எடுக்கிறேனே. முழு டிக்கட்!”

பஸ் போய்விட்டது. நானா அதே இடத்தில் நின்று அடுத்த பஸ்ஸைக் கேட்டார். அதுவும் மறுத்தது. மூன்றாவது பஸ்ஸுக்கு அவர் கை நீட்டியபோது, செல்லையா முதலாளி தன் ஐஸ்கிரீம் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஏறுங்க. உங்க மேல நம்பிக்கைல இல்ல. வழியில வித்துடுவீங்கன்னுதான் நானே வாறேன்.” பிறகு, நானாவை வழியனுப்ப வந்திருந்த என் பக்கம் திரும்பினார். “கிளாக்கரய்யா, நீங்களும் வாங்க. நடக்கிறத எழுத ஒரு ஆள் வேணும்.”

அப்படியாகக் குற்றவாளியும் குற்றம் சாட்டியவரும் நானும் முன்னாலும், சிலிண்டர் பின்னால் வனிலாவோடும் கொழும்புக்குப் போனோம்.

கொழும்பில் ஓர் இளைஞர் சிலிண்டரில் கருவி ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். முகம் சுளித்தார். “இதுக்குள்ள எத்தனை வகை கேஸ் இருக்கு?”

“வந்தது எல்லாம்” என்றார் நானா.

“ஒவ்வொண்ணையும் வேற வேற சிலிண்டர்ல பிடிக்கணுமே! கலந்துட்டா திருப்பிப் பாவிக்க முடியாது. இத யாரும் சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. சூளையில எரிச்சு அழிக்கத்தான் வேணும். வச்சிட்டுப் போங்க, எரிச்சதும் கடிதம் போடுறோம்.”

நானாவின் முகம் கறுத்துப்போனது. வருடக்கணக்காகப் பிடித்ததைப் பிழையாகப் பிடித்திருக்கிறார். பயிற்சியில் அந்தப் பாடம் நடந்த நேரம் அவர் அங்கிருந்த பிரிஜ்ஜுக்கு நுரை பூசிக்கொண்டிருந்தாராம்.

திரும்பும் வழியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் செல்லையா முதலாளி திடீரென்று வேனை ஓரம் கட்டினார்.

“நானா, விக்கிறவன் இப்படிக் கலப்பானா?”

“மாட்டான்.”

“அப்ப நீங்க கள்ளன் இல்ல. மடையன்.”

“அத மட்டும் எழுதிக் குடுங்க, மொதலாளி” என்றார் நானா.

எழுதிக் கொடுத்தார். சங்கத்துக்கான இரண்டாவது கடிதம் அங்கேயே என் பேனையால் எழுதப்பட்டது. திகதியை நானே போட்டேன்.

இப்போது நானாவின் பட்டறையில் வகைக்கு ஒன்றாகச் சிலிண்டர்கள், வேறுவேறு நிறத்தில் நிற்கின்றன. வர்ணம் வாங்கிக் கொடுத்தவர் செல்லையா முதலாளி. நிறைந்ததும் கொண்டுபோக வேனும் அவருடையதுதான்.

என் வீட்டுப் பிரிஜ்ஜில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் மாதம் ஒருமுறை நானாவைக் கூப்பிட்டு நுரை பூசிப் பார்க்கச் சொல்கிறேன். பிரஷை வெளியே எடுக்குமுன் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: “பதில் வந்திச்சா?”

வரவில்லை. கொழும்புக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். அந்த முதல் சிலிண்டர் காற்று சூளையில் எரிக்கப்பட்டதா என்பது, இதை எழுதும் இன்று வரை உறுதிப்படுத்தப்படவில்லை.