இடது காலின் யோகம்

வரிசை கால்பந்துக் கழகத்தின் வாசலில் தொடங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நீண்டிருந்தது. ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மைதானம் காலியாகத்தான் கிடந்தது. பெற்றோர்கள் ஆளுக்கொரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாளில் அவரவர் பிள்ளையின் பாதம், கறுப்பு மையில் பதிந்திருந்தது.

உள்ளே பாதஞானி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் டார்ச். பத்து வருடம் செருப்புக் கடையில் அளவு எடுத்தவர். காலைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் ஞானம் வந்துவிட்டதாம். அந்தக் கடையில் இன்னும் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு வரவில்லை. பாவம், குனிந்து வேலை செய்திருப்பார்கள்.

"ஆள் தேவையில்ல, தாள் போதும்" என்பது அவருடைய கொள்கை. வீட்டிலேயே அச்செடுத்து வரலாம்; இல்லாவிட்டால் உதவியாளர் வரிசையிலேயே உருளையால் மை தடவி எடுத்துத் தருவார். தாளின் மூலையில் பெயர், வயது, படிப்போ வேலையோ, களத்தில் ஆடும் இடம் ஆகியவற்றை எழுதியிருக்க வேண்டும். தாள் உள்ளே போகும். பாதஞானி உரக்கப் பலன் சொல்வார். ஒரு பாதத்துக்கு இரண்டு நிமிடம். செருப்புக்கு அளவு எடுக்கவே அதைவிட நேரமாகும்.

இத்தனை புகழும் அவருக்கு வந்தது ஒரே ஒரு இடது காலால்.

அந்தக் கால், ராக்கெட் என்று ஊரே கூப்பிடும் பையனுடையது. வயது பதினாறு. அந்த வருட ஆட்டங்களில் முப்பத்தொரு கோல். பத்திரிகைகள் படம் போட்டன. முடி வெட்டுபவர் அவனிடம் காசு வாங்கவில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியார் பூஜ்யத்தை ஐம்பதாக்கினார். இவன் கோல் மழை பொழிவான் என்று முதலில் சொன்னவர் பாதஞானிதான். சொன்னது, இருபதாவது கோல் விழுந்த மறுநாள்.

சனிக்கிழமை தேர்வு ஆட்டம். பெரிய கிளப்பிலிருந்து ஆள் வருகிறார்.

ராக்கெட் மூன்று வாரமாக, யாரும் பார்க்காதபோது நொண்டிக்கொண்டிருந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. படியில் இறங்கும்போது பாட்டுப் பாடினான், முனகல் கேட்காமலிருக்க. கண்டுபிடித்தது அவன் சித்தி. அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவன் குரல்வளம் அவளுக்குத் தெரியும். ஆனந்தமாக இருந்தால் அவன் பாடமாட்டான்.

படம் எடுத்தாள். பாதத்தின் வெளிப்பக்க எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். ஆடினால் எலும்பு இரண்டாகும். அப்புறம் ஸ்குரூ வைத்தாலும் பழைய கால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

சித்தி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ராக்கெட்டின் அப்பாவுக்குக் காட்டினாள். அவர் லாரி மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு லூஸ் என்று சொல்லிவிடுவார்.

"பாருங்க மாமா. இதான் விரிசல்."

"நீ வலின்னு சொன்னதுமே ஞானிகிட்ட கேட்டுட்டேம்மா. உள்ள அடைபட்ட கோலெல்லாம் வெளிய வரத் துடிக்குதாம். அந்த வலிதான்."

"கோல் எலும்புக்குள்ளயா இருக்கும்?"

"சனிக்கிழமை ஆடலைன்னா யோகம் வேற காலுக்குத் தாவிடுமாம். யாரு பதில் சொல்றது?"

"லாரில ஆக்சில் விரிஞ்சிருந்தா ரோட்டுல விடுவீங்களா?"

"லாரிக்கு யோகம் கிடையாதும்மா."

மெக்கானிக் தெளிவாக இருந்தார். சித்தி ராக்கெட்டிடம் போனாள்.

"நீயாவது வாயத் திறந்து சொல்லேன்டா, வலிக்குதுன்னு."

"யார்கிட்ட சித்தி? எல்லாரும் என் காலையே பாக்கறாங்க. பேசறது மேல இருக்கற வாய்."

சித்தி அதற்குமேல் விவாதிக்கவில்லை. வாதம் செய்து யாரும் தெளிந்ததாக அவள் மருத்துவமனையில் பதிவு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கழகத்தில் கூட்டம் பிதுங்கியது. முன்வரிசையில் மெக்கானிக், புதுச் சட்டையில். பக்கத்தில் ராக்கெட். சித்தி, மூலையில் விவரம் எழுதிய இரண்டு தாள்களை நீட்டினாள்.

"ஞானி ஐயா, ஒண்ணு எங்க பக்கத்து வீட்டுப் பையன். பதினாறு வயசு. தையல் கத்துக்கறான், பந்தும் ஆடணுங்கறான். இன்னொண்ணு நம்ம ராக்கெட்டோட புது அச்சு. நாளைக்கு ஆட்டமாச்சே."

பாதஞானி முதல் தாளின் மேல் டார்ச் அடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"செத்த பாதம். பந்து ரேகையே இல்ல. இவன் கோல் போஸ்ட்டுக்குள்ள உக்காந்து உதைச்சாலும் பந்து வெளியதான் போகும். தையலே தொடரட்டும்."

கூட்டம் சிரித்தது. அடுத்த தாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பாருங்க. குதிகாலுக்குக் குறுக்க இவ்வளவு நீளமா ஒரு ரேகை. இதான் வெற்றி ரேகை. கோடியில ஒருத்தருக்கு இருக்கும். பொறக்கும்போதே வந்தது. இந்தக் கால் நாளைக்கு ஆடியே ஆகணும்."

கைதட்டல். மெக்கானிக் மட்டும் தட்டவில்லை. தாளை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து, அப்புறம் தூர வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இது ரேகை இல்லீங்க. தையல் போட்ட தழும்பு. ஒர்க்‌ஷாப்ல வெறுங்கால்ல தகரத்த மிதிச்சேன். ஏழு தையல்." கொஞ்சம் நிறுத்தினார். "இது என் கால்."

"நேத்து மத்தியானம் சோபால தூங்கினீங்களே மாமா, அப்ப எடுத்தேன்."

"அதான் சாக்ஸ் கறுப்பாச்சா."

பாதஞானி தடுமாறவில்லை. தடுமாறுகிறவர்கள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. "அப்பனோட யோகம்தான் பிள்ளைக்கு இறங்கும். ரெண்டும் ஒரே பாதம்தான்" என்றார். முன்வரிசையில் சில தலைகள் ஆடவும் செய்தன. ஒரு தபால்காரர், "அப்ப இவரையும் டீம்ல சேத்துக்கலாமா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"சரி, ரெண்டும் ஒண்ணுன்னே வைங்க. செத்த பாதம்னு சொன்னீங்களே, அது யாரோடது?" என்றாள் சித்தி.

ராக்கெட் நாற்காலியைப் பிடித்து எழுந்தான். வலது காலில் நின்று, இடது காலைத் திருப்பிக் காட்டினான். உள்ளங்காலில் மை இன்னும் காயவில்லை.

சித்தி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இவர் ரேகையப் படிக்கல. மூலைல எழுதினதப் படிச்சாரு. தையல்னு எழுதினா தையல், ராக்கெட்னு எழுதினா ராக்கெட். மூலையக் கிழிச்சுட்டுக் குடுங்க, அப்ப படிக்கச் சொல்லுங்க."

ஒருவர் கிழித்தார். பிறகு பலர் கிழித்தார்கள். பெயரில்லாத தாள்கள் மேஜையில் குவிந்தன. பாதஞானிக்குத் திடீரென்று டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சித்தி புது பேட்டரி வாங்கி வருவதாகச் சொன்னாள். அவள் திரும்புவதற்குள் அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். பத்து வருடம் பிறர் காலைப் பார்த்தவர், முதல்முறையாகத் தன் காலை நம்பினார்.

மெக்கானிக் மகனின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பாதத்தின் வெளிப்பக்கத்தை விரலால் மெல்ல அழுத்தினார்.

"இங்கயாடா?"

"கொஞ்சம் கீழப்பா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

அவர் திரும்பி முதுகைக் காட்டினார். பதினாறு வயதுப் பையனை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். பையனுக்கு வெட்கமாக இருந்தது. இறக்கிவிடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை ராக்கெட் ஆடவில்லை. அணி மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றது. பெரிய கிளப்பின் ஆள் எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தார். "ஆறு வாரம் கழிச்சு வர்றேன். இந்த எலும்போட ஆட விட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதஞானி பக்கத்து ஊரில் கடை போட்டிருக்கிறாராம். இப்போது தொண்டை பார்க்கிறார். பாடும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்களே தவிர, அந்த வாய் என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் செருப்புக்கு அளவு எடுத்தவரிடம் போய்க் கேட்கிறீர்களே, பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது?