வேம்புலி பெயர் எந்த வரியில்?

"பத்திரிகை பைனல்" என்ற கோப்பில் மைத்துனர் வேம்புலியின் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. "பைனல் இதுதான்" என்பதில் நான்காவது வரிக்கு இறங்கியிருந்தது. "பைனல் இதுதான் சத்தியமா" என்பதில் ஆளையே காணோம். லட்சுமணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

மகள் தீபிகாவின் கல்யாணப் பத்திரிகை அது. மனைவி சுசீலாவின் தம்பி வேம்புலி போனிலேயே சொல்லிவிட்டார்.

"இத பாரு மாமா, உங்கண்ணன் பேருக்குக் கீய என் பேரு கீதுன்னா, நான் மண்டபத்தாண்டயே வர மாட்டேன். வேற எவனையாவது தாய்மாமனா நிக்க வச்சிக்கோ."

மன்னார்குடியிலிருந்து அண்ணன் கலியமூர்த்தி வேறு.

"பெரியப்பன் பேர் கீழ வந்தா, நான் இங்கேயே இருந்துக்கிறேன். நீங்க நல்லா நடத்துங்க."

தாய்மாமன் வராத கல்யாணமும் கல்யாணமா? அதற்காகக் கூடப்பிறந்த அண்ணனை விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு போனுக்கும் ஒரு பெயர் ஏறியது, ஒரு பெயர் இறங்கியது. முந்தா நாள் எல்லோரும் சரியென்று சொன்ன பத்திரிகை எந்தக் கோப்பில் போனது என்று அவருக்கே தெரியவில்லை.

எதிர்க் குவார்ட்டர்ஸ் கௌதம் அம்பத்தூரில் சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். அவன்தான் வழி சொன்னான்.

"வெர்ஷன் கன்ட்ரோல் சாப்ட்வேர் ஒண்ணு போட்டுக்குங்க அங்கிள். மாத்தினது எல்லாம் பத்திரமா இருக்கும். எந்த நிலைக்கு வேணும்னாலும் திரும்பிப் போகலாம்."

மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். எதைப் போடுவது என்று யோசித்தே லட்சுமணனின் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது.

முதலாவது சப்வெர்ஷன். அகராதியைப் பார்த்தார். 'கவிழ்ப்பு வேலை' என்று போட்டிருந்தது. அவர் வேலை பார்ப்பதோ ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்கிற தொழிற்சாலை. குவார்ட்டர்ஸுக்குள் கவிழ்ப்பு வேலையைக் கொண்டுவந்தது யார் என்று நாளைக்கு விசாரணை வைத்தால்? அதை விட்டார். இரண்டாவது மெர்க்குரியல். பாதரசம் உள்ளங்கையில் நிற்காது, பத்திரிகை எப்படி நிற்கும்? அதுவும் வேண்டாம். மிச்சமிருந்தது கிட். அதையே போட்டார்.

அதில் ஒரு தொல்லை. ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும், மாற்றியதற்குக் காரணம் எழுதச் சொன்னது. தொழிற்சாலையில் ஒரு நட்டைக் கழற்றினாலும் காரணம் எழுதிப் பழகிய கை, உள்ளதை உள்ளபடி எழுதியது. 'வேம்புலி கத்தினார், மேலே ஏற்றினேன்.' 'அண்ணன் சாப்பிடவில்லையாம், வேம்புலியை இறக்கினேன்.' 'சுசீலா பேசவில்லை, மறுபடி ஏற்றினேன்.'

"ரெண்டு பேருக்கும் ரெண்டு கிளையா பிரிச்சிடுங்க அங்கிள்" என்றான் கௌதம், மாடிப்படியில் நின்று.

வேம்புலி இருக்கும் வேப்பம்பட்டுக்கு ஒரு கிளை, மன்னார்குடிக்கு ஒரு கிளை. அவரவர் பிரதியில் அவரவர் பெயர் மேலே. லட்சுமணன் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார். அதுவும் சுசீலா வாயைத் திறக்கும் வரைக்கும்.

"ஏங்க, ரெண்டு பேரும் ஒரே பந்தியிலதான உக்காரப் போறாங்க? பத்திரிகையைப் பத்திப் பேச்சு வராதா?"

லட்சுமணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். திரும்பவும் கம்ப்யூட்டருக்கு ஓடி இரண்டு கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. இரண்டு பத்திரிகையின் வரிகளும் அம்புக்குறிகளுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"அது மோதல் அங்கிள்" என்றான் கௌதம் போனில். "வேண்டியதை வச்சிக்கிட்டு மத்த வரியை எல்லாம் அழிச்சிடுங்க."

அந்த நேரம் பார்த்து அச்சகத்துத் துலுக்கானம் கூப்பிட்டார்.

"சார், இப்ப அனுப்பலைன்னா அடுத்த வாரந்தான். முகூர்த்த சீசன் சார்."

லட்சுமணன் மேலும் கீழும் வரி வரியாக அழித்தார். கண் இரண்டு பெயர்களை விட்டு நகரவில்லை. கடைசியில் இரண்டையும் ஒரே வரியில் கொண்டுவந்தார். இடது பக்கம் கலியமூர்த்தி, வலது பக்கம் வேம்புலி. சுசீலா எட்டிப் பார்த்து, "என் தம்பி பேர் சரியா இருக்கு" என்றாள். போனில் அனுப்பிய போட்டோவைப் பார்த்த அண்ணன், "என் பேர் முதல்ல இருக்கு. சரி" என்றார். துலுக்கானம் வந்ததை வந்தபடியே அடித்துக் கொடுத்தார்.

குலதெய்வத்துக்கு வைத்த பிறகு, முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். தாம்பூலத் தட்டோடு லட்சுமணனும் சுசீலாவும் வேப்பம்பட்டில் போய் இறங்கினார்கள். வேம்புலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை நேராகத் தன் பெயர் இருந்த வரியில் வைத்தார்.

"இன்னா மாமா, ஒரே வரில ரெண்டு பேரு? நான் ரெண்டாவதா?"

லட்சுமணன் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு கேள்வியில் போய்விடும் போலிருந்தது.

"ரெண்டாவது இல்ல வேம்புலி. வலது பக்கம்."

"வலது பக்கம்னா?"

"சோத்துக்கைப் பக்கம்."

வேம்புலி யோசித்தார். பத்திரிகையை ஒருமுறை தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்டி சொல்லு. மரியாதையாத்தான் போட்டுக்கீற. தட்டக் குடு."

சுசீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லட்சுமணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போனதும் கௌதமுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

காப்பி கொண்டுவந்த வேம்புலியின் மகள் சிம்ரன், பத்திரிகையை வாங்கி மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

"எல்லார் பேரும் கீது மாமா. தீபிகாவைக் கட்டிக்கப் போறவரு பேரு மட்டும் எங்க?"