அருவியை முன்னாடியே பார்த்துவிட்டு வந்தவர்கள்

அரசாங்கம் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வராத இடத்துக்குக் குடிமக்கள் யாரையும் அனுப்பக் கூடாது என்பது எங்கள் சான் லாசரோ நகராட்சியின் உறுதியான கொள்கை. நல்ல கொள்கைதான், குறை சொல்ல முடியாது. சாகிற விஷயத்தில் மட்டும் இதை இன்னும் அமல்படுத்தவில்லை.

நகராட்சியில் 'முதியோர் மகிழ்ச்சித் துறை' என்று ஒன்று புதிதாகத் திறந்தார்கள். ஊரில் ஓய்வூதியம் வாங்குகிற அத்தனை பேரையும் இலவசமாக இகுவாசு அருவிக்கு அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். அன்றைக்கு எங்கள் ஓய்வூதியர் சங்க மண்டபத்தில் எழும்பிய கைதட்டலில் ஒருத்தருக்குச் செயற்கைப் பல் கழன்றே விழுந்துவிட்டது.

நான் நெலிதா. தபாலாபீசில் ஸ்டாம்பு விற்றே தலை நரைத்தவள். உருகுவே நாட்டின் இந்த மூலையில் பார்க்கிற இடமெல்லாம் புல்லும் மாடும்தான். உயரத்திலிருந்து தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலத்தில் என் அடுப்படிக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். முட்டி முழுசாகத் தேய்வதற்குள் ஒரு நிஜ அருவியைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பக்கத்து வீட்டு ஒஃபேலியாவுக்கும் அதே ஆசை, அதே முட்டி. பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. சேர்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு.

துறையின் தலைவர் வால்தெமர், கொள்கைப்படி, ஓட்டல்களையும் அருவியையும் முன்பார்வையிட மனைவியோடு கிளம்பினார். பேருந்து நிலையத்தில் பிடித்துக்கொண்டேன்.

"பொண்டாட்டி எதுக்குத் தம்பி?"

"ஜோடியா வர்றவங்களுக்கு எப்படி இருக்கும்னு பாக்கணும் இல்லையாம்மா?"

"என் புருஷன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சே. நான் தனியாத்தானே வருவேன்?"

"அது தெரியாதா எனக்கு? அதுக்குத்தான் அடுத்த வாரம் நான் மட்டும் தனியா இன்னொரு தடவை போறேன்."

இவ்வளவு பொறுப்பான மனிதரை என்ன சொல்வது? கையசைத்து வழியனுப்பிவிட்டு வந்தேன்.

இரண்டு தடவையும் போய்விட்டு, முகமெல்லாம் வெயிலில் சிவந்து திரும்பினார். மண்டபத்தில் கூட்டம். எல்லோர் அக்குளிலும் பிளாஸ்க், கையில் சுரைக்குடுக்கை. சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுகிற மாத்தே இல்லாமல் எங்கள் ஊரில் கூட்டமும் நடக்காது, சவ ஊர்வலமும் நடக்காது. வால்தெமர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லவே சங்கடமா இருக்கு. எல்லா ஓட்டல்லயும் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடுக்கறாங்க."

"மாதாவே!" என்று நாலு பக்கமும் சத்தம். கொதித்த தண்ணீரை ஊற்றினால் மாத்தே இலை செத்துப் போகும். எதிரிக்குக்கூட அப்படி ஊற்றித் தர மாட்டோம்.

"ஆகவே மேற்படி ஓட்டல்கள் தகுதியுடையனவாகக் காணப்படவில்லை" என்றார்.

"சரி தம்பி, அருவி எப்படி?" என்றேன்.

"அருவியா?" கொஞ்சம் யோசித்தார். "அது பச்சைத் தண்ணிம்மா. அதை வச்சு மாத்தே போடவே முடியாது."

பாதி மண்டபம் 'அதுவும் நியாயந்தான்' என்று தலையாட்டியது. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டுதான் நான் காலம் தள்ளுகிறேன்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்ன வயசு தம்பி? படியில ஏறினா எங்க முட்டி என்ன பாடுபடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தலைநகரில் ஏதோ பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அந்த வருஷம் அங்கே 'அனுபவம்' என்பதுதான் மோஸ்தர். சாப்பாட்டைச் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை, உணவு அனுபவம். நடைபாதையில் பள்ளம் இருந்தால் அது பாத அனுபவம்.

"பொன்னான வார்த்தைம்மா!" என்று துள்ளினார். "முதுமையை அனுபவிச்சுப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்!"

ஆகவே அவருடைய மச்சினன் வாஷிங்டன் தலைமையில் இளம் அதிகாரிகளின் குழு ஒன்று புறப்பட்டது. முட்டிக்கு முட்டி மணல் மூட்டை. காதில் பஞ்சு. மூக்குக்கண்ணாடியில் பன்றிக் கொழுப்பு தடவியிருந்தார்கள். பேண்டு வாத்தியம் வழியனுப்பியது, அவர்கள் காதில் விழவில்லை. பேருந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று நாங்கள்தான் கையைப் பிடித்துக் காட்டினோம்.

திரும்பி வந்து வாஷிங்டன் அறிக்கை வாசித்தான்: "அருவி மங்கலாக உள்ளது. சத்தமும் போதாது. நம் முதியோர் இவ்வளவு தூரம் பயணப்பட்டுப் பார்க்கும்படியாக அங்கே ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை."

நான் எழுந்து நின்றேன். "டேய், காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுப் போனா சத்தம் எப்படிடா கேக்கும்?"

"என்னது?" என்றான். பஞ்சை எடுக்கச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லையாம்.

"கிழவி வேஷம் எதுக்குத் தம்பி? நெசக் கிழவிங்க நாங்க இத்தனை பேர் இருக்கோமே, எங்களை அனுப்புங்க!" என்று வால்தெமரிடம் கத்தினேன்.

அவர் நெற்றியைத் தடவினார். முன்பார்வை முடியாத இடத்துக்கு முதியோரை அனுப்பக் கூடாது. ஆனால் முன்பார்வை அதிகாரியை அனுப்பலாம். ஒரு முதியவரை முன்பார்வை அதிகாரியாக நியமித்துவிட்டால் அவர் அதிகாரிதானே? இந்த யோசனை உதித்த கணத்தில் அவர் முகத்தில் வந்த தேஜஸ் இருக்கிறதே, கோவிலில்கூட நான் கண்டதில்லை.

ஒஃபேலியாவையும் இன்னும் சிலரையும் நியமித்தார். என்னைப் போடவில்லை.

"நீங்க ரொம்பக் கேள்வி கேக்கறீங்கம்மா. முன்பார்வைக்குத் திறந்த மனசு வேணும்" என்றார்.

ஒஃபேலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கவலைப்படாதடி. 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு ஒரே வரி எழுதிக் குடுத்துடறேன். அடுத்த நடை உன்னோட சேர்ந்துதான் போறேன்."

அவள் திரும்பி வந்த அன்று பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி, மார்பில் நகராட்சி முத்திரை போட்ட வில்லை.

"எப்படிடி இருந்துச்சு?"

கண்ணாடியைக் கழற்றினாள். கண் நிறைந்திருந்தது. "ஐயோ நெலிதா, என்னன்னு சொல்லுவேன்! வானமே கிழிஞ்சு கொட்டற மாதிரி கொட்டுதுடி. நனைஞ்சுக்கிட்டே நின்னு அழுதேன். முட்டி வலி இருக்கறதே மறந்து போச்சு."

"எழுதிக் குடுத்துட்டியா, நல்லா இருக்குன்னு?"

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "அதுல ஒரு சிக்கல். அருவிக்கு ரெண்டு பக்கம். நாங்க பாத்தது அர்ஜென்டினா பக்கம் மட்டுந்தான். பிரேசில் பக்கத்தைப் பாக்காம நான் எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்? ஆவன செய்யணும். எல்லாம் உன் நலனுக்காகத்தான்."

"அடிப் பாவி! என்கிட்டயேவா? நீ விளங்குவியா? உன் வில்லையைத் தூக்கிக் குப்பையில போட!" பேருந்து நிலையமே வேடிக்கை பார்த்தது. அவள் பொறுமையாக நான் ஓயும் வரை நின்றாள்.

"பிரேசில் குழுவுல ஒரு இடம் காலி இருக்கு" என்றாள்.

"என்னைக்குக் கிளம்பணும்?" என்றேன்.

விஷயம் பரவ எவ்வளவு நேரமாகும்? மறுநாள் காலையிலேயே சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் துறை வாசலில் நின்றார்கள். வால்தெமர் இளகிய மனசுக்காரர், ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. படுக்கையாகக் கிடந்தவருக்குக்கூட, மெத்தைகளைச் சோதிக்கும் சிறப்பு அதிகாரி என்று வில்லை வீடு தேடிப் போனது. ஊரில் வில்லை இல்லாத கிழவர் என்று ஒருவர் மிச்சமில்லை.

புறப்படுகிற நாளில் பெட்டியோடு மண்டபத்துக்கு வந்தோம். புதுச் செருப்பு வாங்கியிருந்தேன், வழுக்காத ரகம். வால்தெமர் மேடை ஏறினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஒரு நல்ல செய்தி! பொதுப்பணியில இருக்கறவங்க யாரும் ஓய்வு பெற்றவங்க இல்லைன்னு சட்டம் சொல்லுது. நீங்க எல்லாருமே இப்போ பொதுப்பணியில இருக்கீங்க. ஆகவே சான் லாசரோவில முதியோர்னு ஒருத்தர்கூடக் கிடையாது. பயணம் போக ஆளில்லாததால பயணம் ரத்து. பயணமே இல்லாததால முன்பார்வையும் ரத்து."

ஒஃபேலியா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அழுதுவிட்டேன், இதில் என்ன வெட்கம்?

"தம்பி, நான் இன்னும் அருவியைப் பாக்கவே இல்லையே" என்றேன்.

"அழாதீங்கம்மா. முதுமையை ஒழிச்ச முதல் ஊர் நம்ம ஊர்தான், பெருமைப்படுங்க! அதைப் பத்தி விளக்கிப் பேச என்னை ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க." வால்தெமர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "மாநாடு நடக்கிற ஓட்டல் எப்படின்னுதான் தெரியலை. யாராவது முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்தா நல்லது."

ஒஃபேலியாவின் கை மெல்ல மேலே கிளம்பியது. அதை முழங்கையால் இடித்துக் கீழே தள்ளிவிட்டு, நான் என் கையைத் தூக்கினேன். எந்த நாடு, எந்த ஊர், அங்கே அருவி ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்கவில்லை.